42,000 வரிசை எக்ஸெல் ஷீட்டில் மவுஸை உருட்டாமல் நகர்வது எப்படி?

கேள்வி இது: "திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கொள்முதல் பதிவேடு எக்ஸெலில் 42,000 வரிசை, 58 நெடுவரிசை. நாள் முழுக்க மவுஸ் சக்கரத்தை உருட்டி மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு பில்லைத் தேடிக் கீழே போனால், திரும்ப வந்து பழைய இடத்தைப் பிடிப்பதற்குள் எதற்காகப் போனேன் என்பதே மறந்துவிடுகிறது. வேகமாக நகர வழி இருக்கிறதா?"

நிச்சயமாக இருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த மாதிரிப் பதிவேடுகள்தான் என் அன்றாடப் பிழைப்பு. மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (நமக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் காட்டிய பில்களின் பட்டியல்) வந்துவிடும், 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஆறு நாளில் பதிவேட்டையும் 2பி-யையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பில்லாக ஒப்பிட வேண்டும். உருட்டிக்கொண்டிருந்தால் வேலை முடியாது.

ஐம்பது ஷார்ட்கட் அடங்கிய பட்டியலை உங்களிடம் கொடுக்கப் போவதில்லை. அதை அச்சடித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வாரத்தில் மறுபடி மவுஸுக்கே போய்விடுவார்கள். கை விசைப்பலகையில் சாவியைத் தேடுவதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு கேள்வி வர வேண்டும்: போக வேண்டிய இடத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சில நேரம் அது ஓரம் என்று தெரியும், அதாவது கடைசி வரிசை அல்லது கடைசி நெடுவரிசை. சில நேரம் விலாசம் தெரியும், 31,270-வது வரிசை என்பது போல. பெரும்பாலும் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்: ஒரு பில் நம்பர், ஒரு பார்ட்டியின் பெயர். மூன்றுக்கும் வழி வேறு வேறு. உருட்டுகிறவர்கள் மூன்றுக்கும் ஒரே வழியை வைத்திருக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

முதலில் ஓரம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டினால், தரவு தொடர்ச்சியாக இருக்கும் வரை ஒரே தாவலில் போய் நிற்கும். நான்கு திசைக்கும் இதே விதிதான். கூடவே ஷிஃப்டையும் அழுத்தினால் போகிற வழி முழுக்கத் தேர்வாகும். இதை அநேகமாக எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் 'எங்கே நிற்கும்' என்பதைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்துவதால்தான் "எனக்கு சரியாக வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். நிரம்பிய கட்டத்தில் இருந்து கிளம்பினால், அடுத்த காலிக் கட்டத்துக்கு முந்தைய கட்டத்தில் நிற்கும். காலிக் கட்டத்தில் இருந்து கிளம்பினாலோ, பக்கத்துக் கட்டமே காலியாக இருந்தாலோ, அடுத்த நிரம்பிய கட்டத்தில் நிற்கும். அவ்வளவுதான் விதி.

ஆகவே எந்த நெடுவரிசையில் நின்றுகொண்டு தாவுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். 'குறிப்பு' நெடுவரிசையில் நின்று தாவினால் நாற்பது தடவை தட்டினாலும் கடைசி வராது, ஏனென்றால் அது பாதிக்கு மேல் காலி. பில் நம்பர் நெடுவரிசையில் நின்று தாவினால் ஒரே தட்டு, 42,000 வரிசையும் முடிந்தது. அநேகமாக ஒவ்வொரு ஷீட்டிலும் இப்படி இடைவெளியே இல்லாத ஒரு நெடுவரிசை இருக்கும். நான் அதை முதுகெலும்பு என்பேன். புதிய ஃபைல் கைக்கு வந்ததும் எது முதுகெலும்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் இடது ஓரத்தில் ஒரு நெடுவரிசையைச் செருகி 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவிடுங்கள். வேறொரு வகையில் வரிசைப்படுத்திய பிறகு பழைய ஒழுங்குக்குத் திரும்பவும் அந்த எண் உதவும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு முறை ஒரு பார்ட்டியின் பதிவேட்டில் வரித்தொகை நெடுவரிசையை கன்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்புக்குறி கொண்டு தேர்வு செய்து, கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரிந்த கூட்டுத்தொகையைக் குறித்துக்கொண்டேன். நடுவில் ஒரே ஒரு கட்டம் காலி. தேர்வு அங்கேயே நின்றுவிட்டது. நான் குறித்தது மேல் பாதியின் தொகை. புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அன்றிலிருந்து தேர்வு செய்ததும் கன்ட்ரோலோடு முற்றுப்புள்ளியைத் தட்டுவது எனக்குப் பழக்கம். தேர்வான பகுதியின் ஒரு மூலையில் இருந்து அடுத்த மூலைக்குக் கர்சர் போகும், தேர்வு கலையாது. மேல் முனையையும் கீழ் முனையையும் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டு விநாடி வேலை, தயவுசெய்து பழகிக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசையைப் போய்ப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. இன்றைய எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். 2007-க்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலில் 65,536 வரிசைகள்தான். யாராவது அனுப்பிய ஃபைலில் தாவிப் போய் அது சரியாக 65,536-ல் நின்றால் உஷாராகிவிடுங்கள், மீதித் தரவு வெட்டுப்பட்டிருக்கலாம். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுத்தபோது பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலுக்குள் எல்லாம் கொள்ளாமல் போய், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 தொற்றுகள் கணக்கில் வராமல் விடுபட்டன. ஷீட்டின் அடிவரிசையைப் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

கன்ட்ரோலும் எண்ட் சாவியும் சேர்ந்து 'பயன்படுத்திய கடைசிக் கட்டத்துக்கு'ப் போகும் என்பார்கள். உங்கள் ஃபைலில் அது 42,000-ஐத் தாண்டி எங்கோ வெறும் வெளியில் போய் நிற்கிறதா? எப்போதோ யாரோ அங்கே ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள், அல்லது கட்டங்களுக்கு வண்ணம் அடித்திருப்பார்கள். வலப்பக்க உருள்பட்டை கடுகளவு சுருங்கி, லேசாக இழுத்தாலே ஆயிரக்கணக்கான வரிசை ஓடிவிடுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். தரவு முடிந்த இடத்துக்கு அடுத்த வரிசையில் நின்று, கன்ட்ரோல், ஷிஃப்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பிறகு கன்ட்ரோலோடு மைனஸ் தட்டி, முழு வரிசையையும் நீக்கச் சொல்லுங்கள். சேமியுங்கள். உருள்பட்டை பழைய அளவுக்கு வந்துவிடும், ஃபைலும் பெரும்பாலும் இளைத்திருக்கும்.

அடுத்தது விலாசம். ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம், இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று காட்டும் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதன் பெயர் நேம் பாக்ஸ். பலர் அதை வெறும் அறிவிப்புப் பலகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் க்ளிக் செய்து டி31270 என்று அடித்து என்டர் தட்டுங்கள், அங்கே நிற்பீர்கள். ஏ2:ஏ42001 என்று அடித்தால் அந்தப் பகுதி முழுக்கத் தேர்வாகிவிடும், நடுவில் எத்தனை காலிக் கட்டம் இருந்தாலும் கவலை இல்லை. (இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) அடிக்கடி போகும் இடத்துக்குப் பெயரும் வைக்கலாம். கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதே பெட்டியில் இடைவெளி இல்லாமல் ஒரு பெயரை அடித்து என்டர் தட்டினால் போதும். பிறகு வேறு எந்த ஷீட்டில் இருந்தாலும் அந்தப் பெட்டியின் கீழ்நோக்கிய அம்பைத் தட்டிப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நேரே அங்கே போய்விடலாம்.

பெயர் வைக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். 18 சதவீத வரிக்கான மொத்தத்துக்கு ஜிஎஸ்டி18 என்று பெயர் வைக்கப் பார்த்தால் கர்சர் எங்கோ வலது கோடிக்குப் பறந்துவிடும். காரணம், எக்ஸெலில் ஜிஎஸ்டி என்ற மூன்றெழுத்தில் நிஜமாகவே ஒரு நெடுவரிசை இருக்கிறது, 5,246-வது நெடுவரிசை. அதன் 18-வது வரிசைக்குப் போகச் சொன்னதாக எக்ஸெல் எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஓர் அடிக்கோடு போட்டால் இந்தக் குழப்பம் வராது.

இப்போது திரும்பி வருவது. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டதே "எதற்காகப் போனேன் என்பதே மறந்துவிடுகிறது" என்ற வரிதான். போவதில் வீணாகும் நேரத்தைவிடத் திரும்பி வருவதில் வீணாகும் நேரம் அதிகம். எஃப்5 அல்லது கன்ட்ரோலும் ஜியும் தட்டினால் 'கோ டு' பெட்டி திறக்கும். நேம் பாக்ஸ் வழியாகவோ 'கோ டு' வழியாகவோ ஓர் இடத்துக்குத் தாவினால், கிளம்பிய இடத்தை எக்ஸெல் நினைவில் வைத்துக்கொள்ளும். அப்படிக் கடைசி நான்கு இடங்கள் அதில் இருக்கும், எல்லாவற்றிலும் சமீபத்தியது தயாராக நிரப்பப்பட்டிருக்கும். ஆகவே எஃப்5 தட்டி உடனே என்டர் தட்டினால் கிளம்பிய இடத்தில் இருப்பீர்கள். மறுபடி அதையே செய்தால் போன இடத்துக்குப் போவீர்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே ஊஞ்சல் போல ஆடலாம்.

ஒரு தகவல்: எஃப்5 என்ற இந்தச் சாவி எக்ஸெல் கண்டுபிடித்தது அல்ல. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளிலேயே 'போ' என்பதற்கு எஃப்5தான். எண்ட் சாவியைத் தட்டி விட்டுவிட்டு, பிறகு அம்புக்குறியைத் தட்டினால் ஓரத்துக்குத் தாவுவதும் அந்தக் காலத்துப் பழக்கமே, இன்றும் எக்ஸெலில் வேலை செய்கிறது. ஒரு கையில் பில்லைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டுகிறவர்களுக்கு அது வசதி.

ஃபார்முலா இருக்கும் கட்டத்தில் நின்று கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். அந்தத் தொகை எந்தக் கட்டத்தில் இருந்து வருகிறதோ அங்கே கொண்டுபோய் விடும், அது வேறு ஷீட்டாக இருந்தாலும். பார்த்துவிட்டு எஃப்5, என்டர். அடுத்தவர் செய்த ஒர்க்கிங்கை, அதாவது கணக்கீட்டுத் தாளை, சரிபார்க்க இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

திரும்பி வருவதில் இன்னொரு எளிய சாவி, கன்ட்ரோலும் பேக்ஸ்பேஸும். எதையோ பார்க்க உருட்டிக்கொண்டு போய்விட்டீர்கள், ஆனால் வேறு எந்தக் கட்டத்தையும் க்ளிக் செய்யவில்லை என்றால், இதைத் தட்டியதும் திரை கர்சர் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்த நிலை. இங்கே கன்ட்ரோல், எஃப் எல்லோருக்கும் தெரியும், ஆனால் 'ஃபைண்ட் நெக்ஸ்ட்' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் வழக்கமாக இருக்கிறது. 'ஃபைண்ட் ஆல்' கொடுங்கள். கிடைத்த அத்தனை இடங்களும் கீழே பட்டியலாக வரும், எதைத் தொடுகிறீர்களோ அங்கே போகும். 'ஆப்ஷன்ஸ்' திறந்து இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். 'லுக் இன்' என்பதில் ஃபார்முலாஸ் என்று இருந்தால், ஃபார்முலா மூலம் வந்த தொகை கண்ணுக்குத் தெரிந்தாலும் தேடலில் சிக்காது, அதை வேல்யூஸ் என்று மாற்ற வேண்டும். 'வித்தின்' என்பதை வொர்க்புக் என்று மாற்றினால் எல்லா ஷீட்டிலும் தேடும். ஒரே நெடுவரிசைக்குள் மட்டும் தேட, முதலில் கன்ட்ரோலோடு ஸ்பேஸ் தட்டி அந்த நெடுவரிசையைத் தேர்வு செய்துவிட்டுத் தேடுங்கள். பெட்டியை மூடிய பிறகும் ஷிஃப்டோடு எஃப்4 தட்டினால் அடுத்ததற்குப் போகும்.

ஒரு பார்ட்டியின் எல்லாப் பில்லும் வேண்டுமென்றால் ஃபில்டர்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் ஃபில்டர் அம்புகள் வரும். தலைப்புக் கட்டத்தில் நின்று ஆல்ட்டோடு கீழ் அம்புக்குறி தட்டினால் பட்டியல் திறக்கும். அந்தப் பார்ட்டியின் ஒரு பில் ஏற்கனவே கண்ணெதிரே இருந்தால் அதுகூட வேண்டாம், அந்தக் கட்டத்தில் வலது க்ளிக் செய்து, ஃபில்டர் என்பதற்குள் 'இந்தக் கட்டத்தின் மதிப்பை வைத்து வடிகட்டு' என்ற பொருளில் வரும் முதல் வகைத் தேர்வைக் கொடுத்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஃபில்டர் போட்டு ஒரு பில்லைக் கண்டுபிடித்தாயிற்று. இப்போது அந்தப் பில்லுக்கு முன்னும் பின்னும் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், உதாரணமாக அதே நாளில் இருமுறை ஏற்றியிருக்கிறார்களா என்று. அந்தப் பில்லின் கட்டத்தில் க்ளிக் செய்யுங்கள். ஃபில்டரை நீக்குங்கள் (ஆல்ட், ஏ, சி ஒன்றன்பின் ஒன்றாக). திரை எங்கே நின்றாலும் சரி, கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். 42,000 வரிசைக்கு நடுவில், அக்கம்பக்கத்தோடு சேர்த்து, அந்தப் பில் உங்கள் முன்னால் இருக்கும். ஃபில்டரைத் தேடும் கருவியாகவும், நீக்கியபின் அதே இடத்தில் இறங்கும் வழியாகவும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு நான் உருட்டுவது அநேகமாக நின்றேவிட்டது.

ஷீட்டைத் தயார் செய்வது பற்றியும் கொஞ்சம். கணக்கு மென்பொருளில் இருந்து எடுத்த அறிக்கையில் பார்ட்டி பெயர் முதல் பில்லுக்கு நேரே மட்டும் இருக்கும், அடுத்த பத்துப் பில்லுக்கு நேரே காலியாக இருக்கும். பார்க்க அழகு, ஆனால் ஃபில்டரும் ஓடாது, தாவலும் ஓடாது. சரிசெய்ய இரண்டு நிமிடம். நேம் பாக்ஸில் ஏ2:ஏ42001 என்று அடித்துத் தேர்வு செய்யுங்கள். எஃப்5 தட்டி 'ஸ்பெஷல்' பொத்தானுக்குள் 'பிளாங்க்ஸ்' தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். எதையும் க்ளிக் செய்யாமல், சமக்குறியை அடித்து, மேல் அம்புக்குறியை ஒரு முறை தட்டி, கன்ட்ரோலோடு என்டர் தட்டுங்கள். ஒவ்வொரு காலிக் கட்டமும் தனக்கு மேலே உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும், ஆயிரக்கணக்கான கட்டங்கள் ஒரு நொடியில் நிரம்பும். அப்புறம் மறக்காமல் அந்த நெடுவரிசை முழுவதையும் நகலெடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், வி தட்டி, வேல்யூஸ் மட்டும் ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டு, பின்னால் வரிசைப்படுத்தினால் பெயர்கள் எல்லாம் தாறுமாறாகிவிடும். பெயர் வேண்டாத மொத்தத் தொகை வரிசைகள் நடுவில் இருந்தால் அவற்றை முதலிலேயே நீக்கிவிடுவது நல்லது.

தலைப்பு வரிசை எப்போதும் தெரிய 'ஃப்ரீஸ் பேன்ஸ்' போடுவீர்கள். அது கர்சர் நிற்கும் கட்டத்துக்கு மேலே உள்ள வரிசைகளையும் இடப்பக்கம் உள்ள நெடுவரிசைகளையும் நிறுத்தி வைக்கும். தலைப்பும், தேதி, பில் நம்பர், பார்ட்டி என்ற முதல் மூன்று நெடுவரிசைகளும் நிற்க வேண்டுமென்றால் டி2 கட்டத்தில் நின்று ஆல்ட், டபிள்யூ, எஃப், எஃப். ஆனால் அதற்கு முன் கன்ட்ரோலோடு ஹோம் தட்டி மேலே வந்துவிடுங்கள். பாதி உருட்டிய நிலையில் ஃப்ரீஸ் செய்தால் திரைக்கு மேலே போய்விட்ட வரிசைகளைப் பிறகு பார்க்கவே முடியாது. "முதல் ஐந்து வரிசையைக் காணோம்" என்று எனக்கு வரும் போன்களில் பாதி இந்த வகைதான். ஃப்ரீஸ் செய்தபின் கன்ட்ரோல், ஹோம் உங்களை ஏ1-க்குக் கொண்டுபோகாது, தரவின் முதல் கட்டமான டி2-க்குக் கொண்டுபோகும். அது வசதிதான்.

58 நெடுவரிசையில் தினமும் பார்ப்பது பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். மீதியை மறைத்து வைக்காதீர்கள், மறைத்தது இருப்பதே அடுத்தவருக்குத் தெரியாமல் போய்விடும். அந்த நெடுவரிசைகளைத் தேர்வு செய்து ஷிஃப்ட், ஆல்ட், வலது அம்புக்குறி தட்டிக் குழுவாக்குங்கள். மேலே ஒரு கழித்தல் குறி வரும், அதைத் தட்டினால் குழு சுருங்கிக் கூட்டல் குறியாகும், வேண்டும்போது விரித்துப் பார்க்கலாம். அகலமாக நகர ஆல்ட்டோடு பேஜ் டவுன் தட்டினால் ஒரு திரை வலப்பக்கம் போகும், பேஜ் அப் இடப்பக்கம். ஒரு ஷீட்டில் இருந்து அடுத்ததற்கு கன்ட்ரோலும் பேஜ் டவுனும். ஷீட்டுகள் முப்பது நாற்பது இருந்தால், கீழே இடது மூலையில் இருக்கும் சின்ன அம்புகள் மேல் வலது க்ளிக் செய்யுங்கள், எல்லாப் பெயரும் பட்டியலாக வரும்.

2பி-யும் பதிவேடும் ஒரே ஃபைலில் இரண்டு ஷீட்டாக இருந்தால் மாறி மாறிப் போகவே வேண்டாம். ஆல்ட், டபிள்யூ, என் தட்டினால் அதே ஃபைலுக்கு இன்னொரு சன்னல் திறக்கும். ஒன்றில் பதிவேடு, மற்றதில் 2பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எதில் திருத்தினாலும் ஒரே ஃபைல்தான்.

லேப்டாப்பில் எஃப்5, ஹோம், எண்ட் வேலை செய்யவில்லை என்றால் எஃப்என் சாவியைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். கூகுள் ஷீட்ஸில் கன்ட்ரோல் தாவல்களும் நேம் பாக்ஸும் இதே போலத்தான், ஆனால் உலாவியில் எஃப்5 பக்கத்தையே மறுபடி ஏற்றிவிடக்கூடும், அங்கே நேம் பாக்ஸையே நம்புங்கள். லிப்ரே ஆபிஸில் எஃப்5 'நேவிகேட்டர்' பலகையைத் திறக்கும். ஒரு நாள் திடீரென்று அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் நகராமல் ஷீட்டே மொத்தமாக நகர்ந்தால் பதற வேண்டாம், ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. உங்கள் விசைப்பலகையில் அந்தச் சாவி இல்லையென்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு விசைப்பலகை வரும், அதில் ஸ்க்ரோல் லாக்கை ஒரு முறை தட்டினால் விடுபட்டுவிடும்.